அத்தியாயம் 6 – புளி: அளவு, நேரம், பாத்திரம்

நம் சமையலறையில் தராசில் நிறுக்காமல் போடுகிற பொருள்கள் இரண்டு: உப்பும் புளியும். உப்பு கூடினால் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். புளி செய்கிற வேலையோ பாதி கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. பருப்பு குழையாமல் விறைத்து நிற்பது, கீரை நிறம் மங்குவது, மீன் துண்டு உடையாமல் இருப்பது, அலுமினியச் சட்டியில் வைத்த குழம்பில் உலோக வாடை ஏறுவது எல்லாமே புளியின் வேலைதான். ருசிக்காக மட்டும் சேர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, சமையலின் போக்கையே மாற்றுகிற ஓர் அமிலத்தைக் கைக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

புளியால் கிடைக்கிற நன்மையும் வருகிற தொல்லையும் மூன்று விஷயங்களைப் பொறுத்தவை: எவ்வளவு சேர்க்கிறோம், எப்போது சேர்க்கிறோம், எதில் சமைக்கிறோம். வாங்குவதில் தொடங்கி அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

எந்தப் புளியை வாங்குவது?

புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றால் நம்புவது கடினம். அந்த அளவுக்கு இங்கே சாலையோரமும் வரப்போரமும் அதற்குச் சொந்தமாகிவிட்டன. தமிழ்நாட்டில் தை மாதக் கடைசியில் உலுக்கத் தொடங்கி, பங்குனி, சித்திரை வரை புதுப்புளி சந்தைக்கு வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் பக்கங்களில் புளி பெரிய வியாபாரம். கிருஷ்ணகிரி மாவட்டத்து உரிகம் புளிக்குத் தனிப் பெயர் உண்டு. ஒட்டுக்கன்று வாங்கி நட நினைப்பவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தேர்ந்தெடுத்துக் கொடுத்த பி.கே.எம்.1 ரகம் இருக்கிறது. ஒட்டுக்கன்று சில ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். கொட்டை போட்டு முளைத்த மரத்துக்கு அதைவிட நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

கடையில் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும்.

*கொட்டைப்புளி:* ஓடு மட்டும் நீக்கியது. விலை குறைவு என்று தோன்றும். முழுப் பழத்தின் எடையில் சதை ஏறக்குறைய பாதிதான்; மூன்றில் ஒரு பங்கு கொட்டை. ஓட்டையும் நாரையும் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோ கொட்டைப்புளியில் கையில் நிற்பது 600 கிராம் சதை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். வீட்டில் ஆள் இருந்து, கொட்டை எடுக்க நேரமும் இருந்தால் லாபம்.

*கொட்டை நீக்கிய புளி:* தட்டிக் கொட்டையும் கோதும் எடுத்தது. நன்றாகத் தட்டி விரிந்திருப்பதைப் பூப்புளி என்று விற்பார்கள். அன்றாடச் சமையலுக்கு இதுவே வசதி.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். நாள் ஆக ஆகக் கறுக்கும். அதிலுள்ள சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வரும் கறுப்பு அது. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ரசத்துக்கும் சாம்பாருக்கும் புதுப்புளி நிறம் கொடுக்கும். வத்தக்குழம்புக்கும் புளியோதரைக்கும் பழம்புளி ஆழம் கொடுக்கும். இடமிருந்தால் இரண்டையும் தனித்தனி ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:
– கையில் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். கசகசவென்று ஈரம் ஒட்டினால் எடைக்குத் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள்.
– வெள்ளைப் பூஞ்சையோ புளித்த கள் போன்ற வாடையோ இருந்தால் வேண்டாம்.
– ஒரு துணுக்கைக் கண்ணாடி டம்ளரில் கரைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் மணல் தங்கினால் அந்தக் கடையை மாற்றுங்கள்.

பெயரில் புளி இருப்பதாலேயே குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. கொடுக்காப்புளி கொறிக்கிற பழம், குழம்புக்கு ஆகாது. கேரளத்து மீன் கறியில் போடுகிற குடம்புளி வேறு மரத்தின் காய். இலங்கையில் கொறக்கா என்பது அதைத்தான். உடல் எடை குறைப்பதாக விளம்பரம் செய்யப்படுவது அந்தக் குடம்புளியில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். நம் புளியின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். எனவே "புளித்தண்ணீர் குடித்தால் இளைக்கலாம்" என்ற பேச்சு, ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றின் தலையில் கட்டியது. குடம்புளிச் சாற்று மாத்திரைகளுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் தொடர்பு கண்டறியப்பட்டிருப்பதால், அவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வருஷத்துக்கு எடுத்து வைப்பது

மாசி, பங்குனி வெயிலில் வாங்குங்கள். கொட்டை, கோது, நரம்பு எல்லாம் நீக்கிய பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் காட்டுங்கள். கொட்டையோடு வைத்தால் அதைத் துளைக்கிற வண்டு சதைக்கும் பரவும். முதலில் கொட்டையை எடுக்கச் சொல்வது அதனால்தான். பிறகு ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு என்ற கணக்கில், ஒரு வரிசை புளி, ஒரு தூவல் உப்பு என்று பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அடைத்து, காற்றுப் போகாமல் அழுத்தி, வெள்ளைத்துணியால் வாயைக் கட்டி மூடுங்கள். எடுக்கும்போது கையும் கரண்டியும் காய்ந்திருக்க வேண்டும். எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் உப்புப்புளி வைத்தால் டப்பாவில் புள்ளி விழும். பீங்கானும் கண்ணாடியும்தான் நம்பகமானவை.

நிறம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு பகுதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ச்சியில் கறுப்பது மெதுவாகும்.

உப்புப் போட்டு வைத்த புளியைக் குழம்பில் கரைக்கும்போது, வழக்கமான உப்பில் கால் பங்கைக் குறைத்துத் தொடங்கி, ருசி பார்த்துச் சேருங்கள். இரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது, புளி ஜாடியை யாரும் நினைப்பதில்லை.

சத்துக் கணக்கு

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துப் பட்டியல்படி, உப்புச் சேர்க்காத 100 கிராம் புளிச் சதையில் இருப்பவை:

– ஆற்றல்: 239 கலோரி
– மாவுச்சத்து: 62.5 கிராம், அதில் சர்க்கரை 57.4 கிராம்
– நார்ச்சத்து: 5.1 கிராம்
– புரதம்: 2.8 கிராம்
– கொழுப்பு: 0.6 கிராம்
– பொட்டாசியம்: 628 மில்லிகிராம்
– மக்னீசியம்: 92 மில்லிகிராம்
– கால்சியம்: 74 மில்லிகிராம்
– இரும்பு: 2.8 மில்லிகிராம்
– தயமின் என்கிற பி1 வைட்டமின்: 0.43 மில்லிகிராம்
– வைட்டமின் சி: 3.5 மில்லிகிராம்

இதில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. மற்றப் பழங்கள் பழுக்கும்போது புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். புளியிலும் இனிப்பு ஏறுகிறது, ஆனால் டார்டாரிக் அமிலம் குறைவதில்லை. இனிப்பு முழுவதையும் புளிப்பு மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, வைட்டமின் சி. புளித்தால் வைட்டமின் சி இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 100 கிராம் எலுமிச்சையில் சுமார் 53 மில்லிகிராம், கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்க, புளியில் இருப்பது 3.5 மட்டுமே. புளிப்புக்குக் காரணம் அமிலம்; எல்லா அமிலமும் வைட்டமின் ஆகிவிடாது. எலுமிச்சைச் சாதத்துக்குப் பதில் புளிச்சாதம் சாப்பிட்டால் வைட்டமின் கணக்கு சரியாகாது.

இனி, தட்டுக்கு வருவோம். நான்கு பேருக்கான சாம்பாரில் எலுமிச்சை அளவு, அதாவது 25 கிராம் புளி. ஒருவர் பங்குக்கு 6 கிராம் சொச்சம். அதில் கிடைப்பது 15 கலோரி, 6 மில்லிகிராமுக்கும் குறைவான மக்னீசியம், 40 மில்லிகிராமுக்கும் குறைவான பொட்டாசியம். பட்டியலில் பெரிதாகத் தெரிந்ததெல்லாம் தட்டில் துளியாகிவிடுகிறது. இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு நல்லது என்று 100 கிராம் எண்களை வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

அப்படியானால் புளியின் பயன் எங்கே? அது கூட்டிவரும் உணவில். பருப்பும் காயும் கீரைத்தண்டும் சுண்டைக்காயும் கருணையும் நம் தட்டுக்கு விருப்பமாக வந்து சேர்வது பெரும்பாலும் புளிக்குழம்பின் வழியாகத்தான். கசப்பான சுண்டைவற்றலைப் புளி இல்லாமல் எத்தனை பேர் சாப்பிடுவார்கள்? தாவர உணவில் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளப் புளிப்பான அமிலங்கள் ஓரளவு துணைசெய்யும். வெறும் புளியைத் தின்று சத்துப் பெறுவதைவிட, புளியைக் கொண்டு சத்துள்ளதைச் சாப்பிட வைப்பதே புத்திசாலித்தனம்.

பானகம், புளிமிட்டாய், இனிப்புச் சட்னி போன்றவற்றில் மட்டும் கணக்கு மாறும். அங்கே புளியின் சர்க்கரையோடு வெல்லமும் சேர்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் குழம்புப் புளிக்குப் பயப்பட வேண்டாம். புளி இஞ்சியிலும் மாங்காய்ப் பச்சடியிலும் விழுகிற வெல்லத்துக்குப் பயப்படலாம்.

புளியும் ஃப்ளூரைடும்

புளி விளையும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் பாதிப்பும் கண்ட மாவட்டங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் சிறுவர்களுக்கு உணவோடு தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், சிறுநீர் வழியாக வெளியேறும் ஃப்ளூரைடு அதிகரித்தது தெரிந்தது. 10 கிராம் என்பது தினசரிக் குழம்பும் ரசமும் சேர்ந்தால் வருகிற அளவுதான்.

இதைச் சரியான எடையில் வையுங்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே. பாதுகாப்பான குடிநீருக்குப் புளி மாற்று அல்ல. ஃப்ளூரைடு பகுதியில் இருப்பவர்கள் சுத்திகரித்த நீரைக் குடிப்பதே முதல் வேலை. வழக்கமான புளிச் சமையலை விட வேண்டியதில்லை என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அளவு

வீட்டு அளவுகளைக் கிராமில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கொட்டை நீக்கிய புளிக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

– கோலிக்குண்டு அளவு: 5 கிராம் – துவையல், சட்னி
– நெல்லிக்காய் அளவு: 10 முதல் 15 கிராம் – நான்கு பேருக்கு ரசம், பருப்புக் கடைசல்
– எலுமிச்சை அளவு: 25 முதல் 30 கிராம் – நான்கு பேருக்கு சாம்பார், தக்காளி போட்டால் பாதி போதும்
– பெரிய எலுமிச்சை அளவு: 40 கிராம் – வத்தக்குழம்பு, மீன் குழம்பு

கரைக்கும் முறை: புளியை ஒருமுறை அலசித் தூசியைக் கொட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். முதல் தடவை கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகப் பிழிந்து வடிகட்டுங்கள். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாவது கரைசல் எடுங்கள். காய் வேக இரண்டாவது கரைசல், ருசிக்கு முதல் கரைசல் என்று பிரித்துப் பயன்படுத்தினால் புளிப்பு உங்கள் கைக்குள் இருக்கும்.

கடையில் விற்கும் புளிக்கூழில் உப்பும் பதப்படுத்தியும் சேர்த்திருப்பார்கள். புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டிலேயே செய்யலாம். 250 கிராம் புளியை இரண்டரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி உப்போடு அல்வா பதத்துக்குச் சற்று முன்பு வரை சுண்டவிடுங்கள். ஆறியதும் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: டார்டாரிக் அமிலம் ஆவியாவதில்லை. வினிகர் கொதித்தால் புளிப்பில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். புளிக்குழம்பு கொதித்தால் போவது பச்சை வாசனையும் தண்ணீரும்தான். புளிப்பு அப்படியே தங்கி, சுண்டச் சுண்ட அடர்த்தியாகும். ஆகவே வத்தக்குழம்புக்குக் கரைசலை ருசி பார்க்கும்போது, கொஞ்சம் குறைவாகத் தெரிகிறதே என்ற நிலையில் நிறுத்துங்கள்.

நேரம்

காய், பருப்புகளின் செல் சுவரை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் போன்ற பொருள்கள் வெந்நீரில் கரைவதால்தான் அவை மெத்தென்று வேகின்றன. புளிப்பான தண்ணீரில் அவை எளிதில் கரைவதில்லை. இந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு பாதிச் சமையல் குழப்பங்களைத் தீர்த்துவிடலாம்.

*பருப்பு:* முழுக்க வெந்து மசிந்த பிறகே புளி. பருப்பையும் புளியையும் ஒன்றாகக் குக்கரில் வைத்தால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு நறுக்கு நிற்கும்.

*கிழங்கு, முருங்கை, பூசணி:* பூசணி சீக்கிரம் கரைகிற காய். புளித்தண்ணீரிலேயே வேகவிட்டால் துண்டு நிற்கும். முருங்கையும் உருளையும் முக்கால் பதம் வெந்த பிறகு புளி ஊற்றுங்கள்.

*வெண்டைக்காய்:* எண்ணெயில் வதக்கும்போதே ஒரு கரண்டி புளிக்கரைசல் தெளித்தால் வழுவழுப்பு அடங்கும்.

*சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு:* இவற்றின் அரிப்புக்குக் காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். புளி சேர்த்து வேகவைப்பது நாக்கைக் காப்பாற்ற நம் வீடுகளில் வழிவழியாகச் செய்வது. கருணையை மட்டும் புளித்தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

*கீரை:* அமிலம் பட்டதும் பச்சையம் தன் மக்னீசியத்தை இழந்து மங்கிய பழுப்புப் பச்சையாகிவிடும். கடைந்து இறக்கிய பிறகு, தனியாகக் கொதிக்கவைத்த புளிக்கரைசலைக் கடைசியில் சேருங்கள்.

*மீன்:* மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் காரத்தன்மை உள்ளது. அமிலம் அதைப் பிடித்து உப்பாக மாற்றிவிடுவதால் அது மூக்குக்கு எட்டுவதில்லை. புளி சதையையும் சற்று இறுக்கும். எனவே புளியும் மசாலாவும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போட்டு, எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள்.

*தேங்காய்ப்பால், பால்:* கொதிக்கும் புளிக்குழம்பில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினால் திரியும். தீயை அணைத்துவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். பசும்பாலுக்கும் புளிக்கும் உறவே வேண்டாம்.

பாத்திரம்

பூசை விளக்கையும் செப்புக்குடத்தையும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது ஏன்? மேலே படிந்த ஆக்சைடு படலத்தைப் புளியின் அமிலம் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே அமிலம் சமைக்கும்போது சும்மா இருக்காது. பூச்சு இல்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளி சேர்ந்த எதையும் சமைக்கவோ வைக்கவோ கூடாது. செம்பு உணவில் இறங்கி வாந்தி, வயிற்றுவலி தரும். அலுமினியச் சட்டியில் சமைத்தாலும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க அதில் விடாதீர்கள்.

மண்சட்டி, கல்சட்டி, எவர்சில்வர், எனாமல் ஆகியவை புளிக்கு ஏற்றவை. இரும்புச் சட்டியில் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது நன்மைதான், ஆனால் நிறம் கறுத்து உலோகச் சுவை ஏறும். சமைத்ததும் மாற்றிவிட வேண்டும். ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருப்பவர்கள், அது கலப்பில்லாத வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்திருந்தால் புளி அதையும் கரைத்து ரசத்தில் கொடுத்துவிடும். குழந்தைகளுக்கு அது பெரிய ஆபத்து. சந்தேகம் இருந்தால் எவர்சில்வரே போதும்.

நான்கு செய்முறைகள்

*1. புளிக்காய்ச்சல்*

பழம்புளி 100 கிராம். இரண்டரை டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டவும். தனியா 1 மேசைக்கரண்டி, எள் 1 மேசைக்கரண்டி, வெந்தயம் 1 தேக்கரண்டி, வரமிளகாய் 4 – இவற்றை வெறும் சட்டியில் தனித்தனியே வறுத்துப் பொடிக்கவும். அரை டம்ளர் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, 6 வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளும் புளிக்கரைசலும் சேர்த்து உப்புப் போட்டுச் சிறுதீயில் கொதிக்கவிடவும். பாதியாகச் சுண்டி எண்ணெய் மேலே மிதக்கும்போது பொடியும் சிறு துண்டு வெல்லமும் சேர்த்து இரண்டு நிமிடத்தில் இறக்கவும்.

சாதத்தை உதிரியாக வடித்து, ஆறவைத்து, நல்லெண்ணெய் தடவிய பிறகு கலக்கவும். வறுத்த வேர்க்கடலையைக் கலக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். காய்ச்சலிலேயே போட்டால் நமத்துவிடும். அமிலம், உப்பு, சுண்டிய நீர், மேலே நிற்கும் எண்ணெய் ஆகிய நான்கும் சேர்ந்து இதைக் கெடாமல் காக்கின்றன. குளிர்பெட்டியில் ஒரு மாதம் இருக்கும். ஈரக் கரண்டி பட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

*2. பச்சைப்புளி ரசம்*

கொங்கு நாட்டு வீடுகளில் அடுப்பேற்றாமல் செய்வது. நெல்லிக்காய் அளவு புதுப்புளியை, காய்ச்சி ஆறிய மூன்று டம்ளர் தண்ணீரில் கரைக்கவும். 10 சின்ன வெங்காயம், இரண்டு சுட்ட வரமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகமும் மிளகும் தட்டியது, கொத்தமல்லித்தழை, உப்பு – இவற்றைக் கையால் நன்றாகப் பிசைந்து கரைசலில் விடவும். சிறிது வெல்லம் உங்கள் விருப்பம். கொதிக்காத ரசம் என்பதால் தண்ணீரும் கையும் சுத்தமாக இருப்பது கட்டாயம். செய்த அன்றே முடித்துவிடவும். பருப்பு சாதத்துக்கும் களிக்கும் பொருத்தம்.

*3. பானகம்*

புளி 15 கிராம், பொடித்த வெல்லம் 75 கிராம், தண்ணீர் 4 டம்ளர். கரைத்து வடிகட்டி, கால் தேக்கரண்டி சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்க்கவும். வெயிலில் அலைந்து வந்தவருக்கு நீர், உப்பு, இனிப்பு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு டம்ளருக்குக் கிட்டத்தட்ட 19 கிராம் வெல்லம் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். தினமும் குடிக்கிற பானம் அல்ல.

*4. புளியங்கொழுந்துத் துவையல்*

இலை துளிர்க்கும் காலத்தில், இளஞ்சிவப்பு மாறாத கொழுந்தாகப் பறிக்க வேண்டும். சாலையோர மரத்துக் கொழுந்தில் வாகனப் புகை படிந்திருக்கும். தோட்டத்து மரமே நல்லது. இரண்டு கைப்பிடிக் கொழுந்தை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து 2 மேசைக்கரண்டி, வரமிளகாய் 4, பூண்டு 3 பல், தேங்காய் கொஞ்சம், உப்பு சேர்த்து அரைக்கவும். புளி தனியாகத் தேவையில்லை. இதே கொழுந்தை ஆந்திரத்தில் பருப்போடு கடைவார்கள். புளியம்பூவையும் இதே முறையில் அரைக்கலாம்.

கொட்டையையும் வீசிவிட வேண்டாம். வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்துத் தின்பது பழைய வழக்கம். ஊறாமல் கடித்தால் பல் பெயரும். கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் பசை மாவு நெசவுத் தொழிலில் நூலுக்குக் கஞ்சியாகவும், உணவுத் தொழிலில் கெட்டிப்படுத்தவும் பயன்படுகிறது. சேர்த்து வைத்தால் வாங்குவதற்கும் ஆள் உண்டு.

யார் அளவைக் குறைக்க வேண்டும்?

– *நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்:* இரவு வேளையில் புளிக்குழம்பைத் தவிர்த்துப் பாருங்கள். வயிற்றுப் புண்ணுக்குப் புளி மூலகாரணம் அல்ல. பெரும்பாலும் ஒரு வகைப் பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான் காரணம். ஆனால் இருக்கிற புண்ணைப் புளியும் காரமும் எரிய வைக்கும்.
– *சிறுநீரக நோயாளிகள்:* பொட்டாசியக் கட்டுப்பாடு சொல்லப்பட்டிருந்தால், பானகம், புளிக்காய்ச்சல் போன்ற அடர்ந்த வகைகளை உணவியல் நிபுணரைக் கேட்டே சேருங்கள்.
– *ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எடுப்பவர்கள்:* புளி இம்மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடர்ந்து எடுப்பவர்கள் மாத்திரையோடு புளிப்பான பானம் குடிக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.
– *சித்த மருந்து சாப்பிடுபவர்கள்:* பத்தியத்தில் புளி நீக்கச் சொன்னால் எத்தனை நாள், எந்த அளவு என்று வைத்தியரிடமே தெளிவாகக் கேளுங்கள்.
– *பிள்ளைகள்:* புளியையும் புளிமிட்டாயையும் சப்பிக்கொண்டே இருந்தால் அமிலம் பல் எனாமலை அரிக்கும். தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உடனே பிரஷ் போட வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

கைதவறிப் போனால்

– *புளிப்பு கூடிவிட்டது:* தண்ணீரும் வெந்த பருப்பும் சேர்த்து நீர்க்கச் செய்வதே நேரான வழி. வெல்லம் புளிப்பை மறைக்கும், குறைக்காது. தேங்காய் அரைத்துவிட்டால் நாக்கில் மென்மையாகும். சமையல் சோடா வேண்டாம். அமிலத்தோடு ருசியும் போய்விடும்.
– *பச்சை வாசனை போகவில்லை:* மூடியைத் திறந்து இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ரசத்துக்கு மட்டும் இது பொருந்தாது. புளித்தண்ணீரை முதலில் தனியே கொதிக்கவிட்டு, பருப்புத்தண்ணீர் ஊற்றிய பின் நுரை கட்டி வரும்போதே இறக்குங்கள்.
– *பருப்பு வேகும் முன்பே புளி ஊற்றிவிட்டீர்கள்:* அந்தச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, வேறு பருப்பை வேகவைத்து மசித்து அதில் சேருங்கள். புளியில் விறைத்த பருப்பைக் கொதிக்கவைத்தே சரிசெய்யப் பார்ப்பது எரிவாயுவுக்குத்தான் கேடு.
– *குழம்பு நேற்றையதைவிட இன்று புளிக்கிறது:* சூடுபண்ணும்போதெல்லாம் நீர் சுண்டியிருக்கும். வெந்நீர் விட்டு ஒரு கொதி கொடுங்கள். நுரைத்தோ கள்வாடை அடித்தோ இருந்தால் அது கெட்டுப்போன குழம்பு. ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.